பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

நகரியில் வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் செல்வி வந்தாள். குவைத்துக்கு வேலைக்குக் கிளம்புகிறாளாம். இறந்துபோன அவள் அப்பாவின் குரல், நான் எடுத்த அவளுடைய கல்யாண வீடியோவில் மட்டும்தான் இருந்தது. ஹார்ட் டிஸ்கைச் செருகினேன். உள்ளே எதுவும் தெரியவில்லை. ஃபார்மேட் செய்யவா என்று கேட்டது கம்ப்யூட்டர். பதற்றத்தில் என் விரல் ‘சரி’க்குப் போனது.

“இன்னாண்ணா கேக்குது?”

“ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்குது.”

“பண்ணா நைனா இருப்பாரா?”

ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். விரல் அப்படியே நின்றுவிட்டது. வேண்டாமென்று அழுத்தி, டிஸ்கைக் கழற்றிப் பார்த்தேன். கேபிள் செருகும் இடத்தில், பூஜையில் நான் வைத்த குங்குமம் உதிர்ந்து அடைத்திருந்தது. உலர்ந்த பிரஷால் துடைத்துச் செருகினேன். எல்லாம் வந்தது. முதலில் இன்னொரு டிஸ்கில் காப்பி எடுத்துக்கொண்டு, பிறகுதான் வீடியோவைப் போட்டேன்.

“பத்திரமா போய்ட்டு வா கண்ணு,” என்றார் அவள் நைனா.

இப்போதும் பூஜைக்குப் பொட்டு வைக்கிறேன். டிஸ்கின் உறைமேல்தான்.