இடது பக்கம் மஞ்சள்

கணினிக் கடையில் எல்லாரும் அவரை லைட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பில் போடத்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். கூட்டமில்லாத மத்தியான நேரங்களில், கேம் ஆடுகிறவர்கள் வாங்கிப்போகும் கலர் கீபோர்டுகளை எடுத்துவைத்து நோண்டிக்கொண்டிருப்பார். எந்த விசைக்கு எந்த நிறம், விரல் பட்டால் நீர்வளையம்போல் பரவுவதா, மூச்சு விடுவதுபோல் மங்கி எழுவதா என்று எல்லாம் கைவசப்பட்டுவிட்டது. ஒருநாள் முதலாளியம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "பில்லை நான் போட்டுக்கறேன், நீங்க இதையே பாருங்க" என்றார். அன்றிலிருந்து சுவரோரமாக ஒரு மேசை அக்காவுக்கென்று ஆனது.

வருகிறவர்கள் பலவிதம். சிலருக்கு வானவில் ஓட வேண்டும். சிலருக்கு எல்லாமே சிவப்பாக எரிய வேண்டும். விளக்குக்காகவே பார்த்துப் பார்த்து வாங்கிப்போன ஒருவர், "தலை வலிக்குதுங்க, எல்லாத்தையும் அணைச்சிடுங்க" என்று திரும்பி வந்தார். அக்கா எல்லாவற்றையும் அணைக்கவில்லை. "எந்தப் பட்டனைத் தேடித் தேடி அமுக்கறீங்க?" என்று கேட்டு, அந்த நாலைந்துக்கு மட்டும் இளநீலம் கொடுத்து அனுப்பினார். அந்த ஆள் பிறகு தம்பி, மச்சினன் என்று ஆளுக்கு ஒரு கீபோர்டோடு கூட்டிவந்தார்.

அக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். பின்னால் யார் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் அவசரப்பட மாட்டார் என்பதால் டிப்போவில் அவருக்கு நிதானம் என்று பெயர். மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். கடையில் காட்சிக்கு வைத்திருந்த பழைய கணினி ஒன்றை முதலாளியம்மா கொடுக்க, அது மகள் படித்த மேசையில் வந்து உட்கார்ந்தது. நிதானத்துக்கு அதில் ஒரு விளையாட்டு பிடித்துப்போனது. கைவிடப்பட்ட கப்பலுக்குள் நுழைந்து, ஒளிந்திருக்கும் திருடர்களிடம் அகப்படாமல் பெட்டிகளை மீட்டு வர வேண்டும். இருட்டில் திருடர்கள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். காலடிச் சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் அவர் விளையாட, அக்கா பக்கத்து நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து, காய் நறுக்கிக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்.

"இடது பக்கம் வர்றான் பாருங்க."

"எங்க?"

"சத்தம் கேக்கலையா?"

"கேக்குது, கேக்குது. நீ நச்சரிக்காம இரு."

அதற்குள் திருடன் வந்து ஆளைச் சாய்த்திருப்பான்.

முதலில் அக்கா சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாகக் கவனத்துக்கு வந்தது. டிவி சத்தம் ஏறிக்கொண்டே போனது. "கடைக்குப் போயிட்டு வரேங்க" என்றால், "குடை எதுக்கு, வெயில்தானே அடிக்குது" என்று பதில் வந்தது. மகள் போனில் கூப்பிட்டால், "அம்மாகிட்ட பேசு" என்று உடனே கைமாற்றிவிட்டார். அக்கா ஒருமுறை மெல்லப் பேச்செடுத்தார்.

"காதை ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

"எனக்கென்ன வந்துச்சு? நீதான் வாய்க்குள்ளயே பேசற."

அன்று முழுக்க அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. அக்கா அதை அப்படியே விட்டுவிட்டார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து தெரிந்த ஆள்தானே. தள்ளினால் இன்னும் அழுத்தமாக நிற்பார்.

கடையில் பெட்டி நசுங்கி விற்காமல் கிடந்த கீபோர்டு ஒன்று இருந்தது. பாட்டுக்கு ஏற்ப விளக்கு துள்ளும் வசதி அதில் உண்டு. அக்கா அதை வேறு மாதிரி அமைத்தார். கணினிக்குள்ளிருந்து நேராக வரும் ஒலியில் மற்ற இரைச்சலையெல்லாம் கழித்து, காலடி போன்ற அடங்கிய சத்தத்துக்கு மட்டும் விளக்கு அசையும்படி செய்தார். இடது பக்கம் காலடி கேட்டால் இடது ஓரத்து விசைகள் மஞ்சளாகும். வலது என்றால் வலது ஓரம் ஆரஞ்சு. மற்றதெல்லாம் மங்கலான நீலம். முதலில் வைத்த மஞ்சள் கண்ணைக் குத்தியது. குறைத்தார். குறைத்தது போதவில்லை, திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஓரக்கண்ணில் பட வேண்டுமே. சாப்பாட்டு நேரமெல்லாம் இதிலேயே போனது.

"யாருக்கு இவ்வளவு மெனக்கெடறீங்க?" என்று முதலாளியம்மா கேட்டார்.

"ஒரு கஸ்டமருக்கு. ரொம்ப ரோஷக்காரர்."

வீட்டில், "புதுசா வந்திருக்கு, அழகா இருக்கேன்னு எடுத்துட்டு வந்தேன்" என்று மட்டும் சொன்னார்.

"சர்க்கஸ் கூடாரம் மாதிரி இருக்கு" என்றார் நிதானம்.

ஆனால் சில நாட்களிலேயே திருடர்கள் பாடு திண்டாட்டமானது. அவர் டக்கென்று திரும்பினார், ஒதுங்கினார், பெட்டி பெட்டியாக அள்ளினார். "கை பழகிடுச்சு பாத்தியா" என்று பீற்றிக்கொண்டார். மகளைத் தானாகவே போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, அவள் பதில் பேசுமுன் வைத்துவிட்டார். அக்கா காய் நறுக்குவதில் மும்முரமாக இருப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு சாயங்காலம் அக்கா கொஞ்சம் முன்னதாகவே வீடு திரும்பினார். கதவைத் திறந்தால் வீடு நிசப்தமாக இருந்தது. நிதானம் விளையாடிக்கொண்டுதான் இருந்தார். விசைகள் மஞ்சளும் ஆரஞ்சுமாக மாறி மாறி எரிந்தன. ஆனால் ஸ்பீக்கர் அணைக்கப்பட்டிருந்தது. அக்கா செருப்பைக் கழற்றினார், பையை வைத்தார், தொண்டையைச் செருமினார். அவர் திரும்பவில்லை. தோளில் கை வைத்தபோதுதான் திடுக்கிட்டார்.

"ஸ்பீக்கர் ஆஃப்ல இருக்குங்க."

"தெரியும். நான்தான் அணைச்சேன்." விசைகளிலிருந்து கையை எடுத்துவிட்டு, "இந்த லைட்டு எதுக்குன்னும் தெரியும். நீ கொண்டுவந்த மறுநாளே தெரியும்."

"அப்ப ஏங்க சொல்லல?"

"நீ சொன்னியா?"

அக்கா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நிதானம் விசைகளைப் பார்த்தபடியே பேசினார். அன்று மத்தியானம் ஒரு நிறுத்தத்தில் வண்டியை எடுத்திருக்கிறார். பின்படியில் ஒரு பெண்மணி அப்போதுதான் ஒரு காலை வைத்திருக்கிறார். கண்டக்டரின் விசில், பயணிகளின் கூச்சல் எதுவும் நிதானத்துக்கு எட்டவில்லை. முன் இருக்கையிலிருந்த ஒருவர் எழுந்துவந்து தோளை உலுக்கிய பிறகுதான் பிரேக் போட்டார். அந்தப் பெண்மணிக்குச் சிராய்ப்புகூட இல்லை. பரவாயில்லை என்றே சொல்லியிருக்கிறார்.

"வீட்டுக்கு வந்து ஸ்பீக்கரை அணைச்சிட்டு ஆடிப் பாத்தேன். போட்டு ஆடுறதுக்கும் அணைச்சிட்டு ஆடுறதுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியல" என்றார். பிறகு குரல் இறங்கியது. "இங்க நீ எனக்குக் கலர் போட்டு வச்சிருக்க. பஸ்ல யாரு போடுவா?"

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை. "நாளைக்குப் போலாமா?" என்று அவர் முகத்துக்கு நேராகத் திரும்பிக் கேட்டார். நிதானம் தலையாட்டினார்.

மருத்துவரிடம் போவதற்கு முன் அவர் டிப்போவுக்குத்தான் போனார். மேலாளரிடம் நடந்ததைத் தானே சொல்லி, இனி வண்டி எடுக்கப்போவதில்லை என்றார். வெளியே வந்தபோது முகம் வெளிறியிருந்தது. வாசலில் நின்றிருந்த அக்கா ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். மருத்துவமனையில், இடது காது ஏறக்குறைய போய்விட்டது, வலதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது என்றார்கள். இரண்டு காதுக்கும் கருவி மாட்டினார்கள்.

எந்த வண்டி எப்போது கிளம்ப வேண்டும் என்று பார்க்கும் வேலையை டிப்போவிலேயே கொடுத்தார்கள். முதலில் அவருக்கு அது பிடிக்கவேயில்லை. மற்றவர்கள் வண்டி எடுப்பதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் எரிந்து விழுந்தார். கருவியும் உபத்திரவம்தான்.

"அப்பளம் கடிச்சா இவ்வளவு சத்தமா? இத்தனை வருஷம் இப்படியா சாப்பிட்ட?"

"கழட்டி வச்சிட்டுச் சாப்பிடுங்க."

சொன்னபடியே கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டார். அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவருக்குக் கேட்கவில்லை, ஆனால் பார்த்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவரும் சிரித்துவிட்டார்.

மெல்ல மெல்ல எல்லாம் பழகிப்போனது. முன்பு அவர் விடியுமுன்பே கிளம்பிப்போய்விடுவார். இப்போது இருவரும் சேர்ந்தே வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். தெருவில் இறங்கியதும் அக்கா அவருடைய வலப்பக்கம் வந்துவிடுவார், நல்ல காது அந்தப் பக்கம்தான். பேருந்து நிறுத்தம்வரை பேசிக்கொண்டே போவார்கள், பாதிக்குமேல் மகளைப் பற்றி. அக்காவின் பேருந்து வந்ததும் நிதானம் கூட்டத்தை விலக்கி அவரை ஏற்றிவிடுவார். பிறகு, உட்கார இடம் கிடைத்ததா என்று சன்னல் சன்னலாகப் பார்த்துக்கொண்டு, வண்டி நகரும்வரை அங்கேயே நிற்பார்.