எது அப்பாவோட பம்பர்?

எங்க வீட்டுக்காரருக்கு இடது வலது தெரியாது. விளையாட்டுக்குச் சொல்லல, நிஜமாவே தெரியாது. "இடது பக்கம் கொஞ்சம் தூக்கு"ன்னு சொல்லிட்டு வலது பக்கத்தைப் பாத்துக்கிட்டு நிப்பார். அதனால எங்க பட்டறையில இடதும் கிடையாது வலதும் கிடையாது. கதவுப் பக்கம், ஜன்னல் பக்கம், அவ்வளவுதான். செருப்பைக் கால் மாத்திப் போட்டுக்கிட்டுக் கடை வரைக்கும் போயிட்டு வந்து, "ஏன் கால் வலிக்குது?"ன்னு என்கிட்டயே கேட்ட மனுஷன். இவரைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு எனக்குத்தான் தெரியும்.

ஆனா வேலையில குறை சொல்ல முடியாது. பழைய காரோட குரோம் பம்பர்தான் இவர் பிழைப்பு. துருப்பிடிச்சு நசுங்கி வரும். ஆசிட் தொட்டியில போட்டுப் பழைய குரோமை உரிப்பார். சொட்டையைத் தட்டி எடுத்து, துரு தின்ன ஓட்டையை அடைச்சு, தேய்ச்சுத் தேய்ச்சு, தாமிரம் ஏத்தி, மறுபடியும் தேய்ச்சு, நிக்கல் ஏத்தி, கடைசியாத்தான் குரோம். தேய்ச்சது சரியா இருக்கான்னு டியூப்லைட்டுக்குக் கீழ பிடிச்சுப் பாப்பார். பம்பர்ல விழற லைட்டோட கோடு நேரா ஓடணும். எங்கயாவது நெளிஞ்சா அந்த இடத்தை மறுபடி தேய்க்கணும். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டாலும் கோடு நேராகாம சாப்பிட வரமாட்டார்.

வாயைத் திறந்தா ஒரே வார்த்தைதான். "பாத்துக்கலாம்." எப்போ குடுப்பீங்கன்னு கேட்டாலும் பாத்துக்கலாம், கூரை ஒழுகுதுன்னாலும் பாத்துக்கலாம். தெருவுல இவர் பேரே அதுதான் ஆயிப்போச்சு. "பாத்துக்கலாம் இருக்காரா?"ன்னு என்கிட்டயே வந்து கேப்பாங்க. நானும் வெக்கங்கெட்டுப் போய், "உள்ள இருக்கார்"னு சொல்லுவேன்.

இப்படித்தான் ஒரு பெரியவர் வந்தார். தலை நரைச்சவர், பேச்சுல அவ்வளவு மரியாதை. ஒரு முன் பம்பரைக் கொண்டுவந்து வச்சார். "எங்கப்பாவோட காரும்மா. தண்ணித் தொட்டிக்கு எதிர்ல ஒரு பச்சைக் கார் நிக்குமே, அதுதான். முன் பம்பர் இல்லாமலே ரொம்ப வருஷமா ஓட்டிட்டேன். இப்போ பேரன் வந்து, 'தாத்தா, காருக்குப் பல்லு எங்கே?'ன்னு கேக்கறான். இது பழைய இரும்புக் கடையில எடுத்தது. பளபளன்னு ஆக்கிக் குடுங்க"ன்னார். இவர் பாத்துக்கலாம்னார். பம்பர் மூலையில மாசக்கணக்கா கிடந்தது. அவரும் பாவம், ஒரு வார்த்தை கோவமாக் கேட்டதில்ல.

அப்புறம் ஒரு அம்மா வந்தாங்க. பழைய போர்வையில சுத்தின நீளமான சாமான். பிரிச்சா, அதே மாதிரி முன் பம்பர்! "இது எங்கப்பா காரோடதும்மா. அப்பா போனதும் கார் அண்ணன் கைக்குப் போச்சு. அண்ணன் அதை விக்கப் போறான்னு காதுல விழுந்தது. பம்பர் இல்லாத காரை எவன் வாங்குவான்னு நானே ஸ்பேனர் எடுத்துக் கழட்டிட்டேன். பின்னாடி இருந்ததையும் கழட்டியிருப்பேன், நட்டு துருப்பிடிச்சு அசையவே இல்ல. அன்னைக்குப் பேச்சு நின்னதுதான். இத்தனை வருஷமா இது என் கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கு."

"இப்போ எதுக்குக்கா வெளியில எடுத்தீங்க?"ன்னேன்.

"வீடு மாத்தறோம். சின்ன வீடு, இதுக்கு இடமில்ல. கோவமும் போயிடுச்சும்மா. அண்ணன்கிட்டயே குடுத்துடலாம்னு. துருவோட கொண்டுபோய் நீட்டினா நல்லாவா இருக்கும்? அவன்கிட்ட மட்டும் இப்போ சொல்லிடாதீங்க."

"அண்ணன் வீடு எங்கக்கா?"

"தண்ணித் தொட்டிக்கு எதிர்ல."

அவங்க போனதும் இவர்கிட்ட ஓடினேன். "ஏங்க, ரெண்டு பம்பரும் ஒரே காருக்குங்க! அந்தப் பெரியவர் இந்தம்மாவோட அண்ணன்!" இவர் என்ன சொல்லியிருப்பார்னு உங்களுக்கே தெரியும். சரி, தங்கச்சி ஆசையாச் செய்யறாங்க, நாம ஏன் கெடுக்கணும்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்.

அதுக்கப்புறம்தான் கூத்து. வர்ற சாமானுக்கெல்லாம் நம்பர் அடிச்ச சின்னத் தகரத் துண்டைக் கம்பியில கட்டுவார். தேய்க்கிற மெஷின்ல தகரம் மாட்டினா கையைக் கிழிச்சிடும்னு அப்போ மட்டும் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்குவார். ஒண்ணைத் தேய்ச்சு முடிச்சுத் தகரத்தைக் கட்டிட்டுத்தான் அடுத்ததைத் தொடணும். அன்னைக்கு ரெண்டையும் ஒண்ணாக் கழட்டிட்டார். துணி துவைக்கிறேன், வாளிக்குள்ள டிங்குனு சத்தம். பாத்தா ரெண்டு தகரம்!

"எது எதோடதுங்க?"

இவர் தலையைச் சொறிஞ்சார். "அதான் எனக்கும் தெரியல."

போய்ப் பாத்தேன். குரோம் உரிஞ்சு, சொட்டை போயி, ஓட்டை அடைபட்டு, உள்பக்கத் துரு கூட இல்லாம, ரெண்டும் அச்சு அசல் ஒரே மாதிரி. எனக்கு வந்துதே கோவம்! "எதையாவது ஒண்ணைக் குடுத்துத் தொலைங்க. யாருக்குத் தெரியப் போகுது?"ன்னு கத்தினேன்.

"அது அவங்க அப்பாவோடது. மாத்திக் குடுக்கக் கூடாது"ன்னார். குரோம் ஏத்தி முடிக்கிற வரைக்கும் மனுஷன் சரியாத் தூங்கல, எனக்கும் குழம்பிக் குழம்பி மண்டை காஞ்சது. கடைசியில ஒருநாள் சொன்னார்: "காரை வரச் சொல்லு. பழைய வண்டி, எங்கெங்கயோ முட்டி மோதி பம்பர் மாட்டற கம்பி வளைஞ்சிருக்கும். அதுக்குத் தக்கபடி பம்பரோட போல்ட்டு ஓட்டையையும் இழுத்திருப்பாங்க. அந்த வண்டியில இருந்த பம்பர் எதுவோ, அதுதான் அதுல சரியா உக்காரும்."

வேற வழி? ரெண்டு பேர்கிட்டயும் நடந்ததைச் சொல்லி, திட்டு வாங்கத் தயாரா நின்னேன். அந்தம்மா திட்டல. "அப்பாவோடது எதுன்னு தெரிஞ்சாப் போதும்"னு சொன்னாங்க. பெரியவர்தான் போன்ல, "காரைக் கொண்டு வந்தே ஆகணுமா?"ன்னு ரெண்டு தடவை கேட்டார். அப்புறம் வரேன்னார்.

காரோட வந்தார். தங்கச்சி வாசல்லயே நின்னாங்க. "எப்படிண்ணா இருக்கே?"ன்னாங்க. அவர் தலையை மட்டும் ஆட்டிட்டு ரெண்டு பம்பரையும் மாத்தி மாத்திப் பாத்தார். முகம் வெளிறிக் கிடந்தது. இத்தனை வருஷம் கழிச்சுப் பாக்கற கூச்சம்னு நான் நினைச்சேன்.

இவர் முதல்ல கதவுப் பக்கம் இருந்ததைத் தூக்கி வச்சார். ஒரு முனை சேர்ந்தா இன்னொரு முனை விரலளவு தள்ளி நிக்குது. என்ன அழுத்தியும் போல்ட்டு போகல. இறக்கிட்டு ஜன்னல் பக்கம் இருந்ததை வச்சார். பாருங்க, தட்டவும் இல்ல நெம்பவும் இல்ல, அப்படியே போய் உக்காந்துது!

தங்கச்சி ஓடிப்போய் அதைத் தடவித் தடவிக் குடுத்தாங்க. கண்ணுல தண்ணி. "இதுதான்! எங்கப்பாவோடது இதுதான்!" எனக்கும் அழுகை வந்துடுச்சு. இவர் முகத்துல உயிரே அப்போதான் வந்தது. அந்தம்மா, "அதை இரும்புக்கே போட்டுடுங்க"ன்னு சொல்லிட்டு, கீழ கிடந்த இன்னொரு பம்பரைக் காலால ஓரமாத் தள்ளினாங்க.

"காலால தள்ளாதே!" பெரியவர் போட்ட சத்தத்துல நான் அரண்டே போயிட்டேன். "தள்ளாதேம்மா. அதுதான் அப்பாவோடது."

எனக்கு ஒண்ணும் புரியல. மாட்டினது சரியா உக்காந்திருக்கு, பெரியவர் அது இல்லங்கறார். என் வீட்டுக்காரர் ஸ்பேனரும் கையுமா என்னைப் பாக்கறார், நான் அவரைப் பாக்கறேன்.

"இது அப்பா காரே இல்ல"ன்னார் பெரியவர். "நீ பம்பரைக் கழட்டிட்டுப் போனியே, அந்த ஆத்திரத்துலதான் வித்தேன். அதுவரைக்கும் விக்கிற எண்ணமே எனக்கு இல்ல, யாரோ உன்கிட்டக் கதை கட்டியிருக்காங்க. வித்த பிறகு மனசு கேக்காம திரும்ப வாங்கப் போனா, காரை உடைச்சு வித்துட்டாங்க. அதே மாதிரி, அதே பச்சையில இதைத் தேடிப் பிடிச்சேன். உன்கிட்ட ஒரு பம்பர் இருக்குன்னு சொந்தக்காரங்க எல்லாருக்கும் தெரியும். இதுல முன் பம்பர் இருந்தா வேற கார்னு தெரிஞ்சிடுமேன்னு, இதோட பம்பரை நானே கழட்டி ஒளிச்சு வச்சேன்." என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "இரும்புக் கடையில எடுத்தேன்னு உங்ககிட்ட சொன்னது பொய்தான் தம்பி."

தங்கச்சி மெதுவாக் கீழ உக்காந்து, தள்ளிவிட்ட பம்பரை இழுத்து மடியில வச்சுக்கிட்டாங்க. மடி கொள்ளல, ரெண்டு பக்கமும் தரையில இடிச்சது.

"நான் நீ விக்கக் கூடாதுன்னுதானேண்ணா கழட்டினேன்."

"நீ கழட்டினதாலதாம்மா நான் வித்தேன்."

அந்தம்மா அண்ணாந்து காரைப் பாத்தாங்க. "சந்தைக்குப் போறப்போ எல்லாம் உன் தெரு வழியாச் சுத்திக்கிட்டுப் போவேன். தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி நின்னு காரைப் பாத்து அழுதுட்டுப் போவேன். எவனோட காரைப் பாத்துண்ணா நான் அழுதேன்?"

கைக்குட்டையை எடுத்த பெரியவர் முகத்தைத் துடைக்காம, பம்பரோட முனையில பட்டிருந்த மண்ணைத் துடைச்சார்.

என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "இப்போ எதை மாட்டறது?"ன்னு கேட்டார். எனக்கு அவர் வாயிலயே ஒண்ணு போடணும் போல இருந்தது.

அண்ணன் தங்கச்சியைப் பாத்தார். தங்கச்சி மூக்கை உறிஞ்சிக்கிட்டு, "இதுக்குப் புதுசா ஓட்டை போட்டு மாட்டுங்க"ன்னாங்க.

சரியா உக்காந்திருந்த பம்பரை இவர் கழட்ட ஆரம்பிச்சார். அது விழாம இருக்க அண்ணன் ஒரு முனையைப் பிடிச்சுக்கிட்டார்.