பத்து தீகாவில் அப்பா குறித்த நேரம்

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் வடை வாங்க நின்றிருந்தேன். எதிரே நிறுத்தியிருந்த பழைய கார் ஒன்றை ஒரு பையன் கிளப்பினான். இரண்டு தடவை இருமிவிட்டு மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. கூடவே அந்த வாசம், பாதி எரிந்தும் எரியாமலும் வெளியே வருகிற பெட்ரோல் வாசம். இப்போதைய கார்களில் கார்புரேட்டர் கிடையாது, அதனால் இந்த வாசமும் கிடையாது. பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் கண்ணை மூடி நெஞ்சு நிறைய இழுத்தேன். வடைக்கார அக்கா பயந்துபோய், "என்னா ஆன்டி, மயக்கமா வருதா?" என்று கேட்டுவிட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஓசியில் ஒரு டீயாவது கிடைத்திருக்கும்.

அந்த வாசம் ஒரு காலத்தில் எங்கள் வீட்டுச் சோற்றில்கூட அடித்தது. அம்மா அப்படித்தான் சொல்வார். எண்பதுகளின் கடைசி. அப்பாவுக்கு ரயில்வேயில் சிக்னல் கேபின் வேலை. பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எனக்கு இருபத்திரண்டு வயது, டைப்பிஸ்ட் வேலை. அண்ணன் குணாவுக்கு இருபத்தாறு. அண்ணனின் வேலை என்ன என்று கேட்டால், பகலில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கிளார்க், மற்ற நேரமெல்லாம் கார் பைத்தியம்.

ஒருநாள் கிள்ளானிலிருந்து ஒரு லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தான், இரண்டு கதவு வைத்த ஜப்பான் கார் ஒன்றை. கார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். எஞ்சின் இல்லை, ஒரு விளக்கு இல்லை, தரையில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக எங்கள் வீட்டுக் கோழி உள்ளே போய் முட்டையிட்டது. அந்தக் காரால் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் வருமானம் அதுதான்.

எஞ்சின் பிறகு வந்தது. ஜப்பானிலிருந்து பாதியாக வெட்டி அனுப்பிய கார்களைக் குவித்து வைத்து விற்கிற கடைகள் கிள்ளானில் இருந்தன. அப்படி ஒன்றில் பொறுக்கியது. பொருத்திக் கொடுத்தவர் ஆ ஹோங். ஆற்றோரம் தகரக் கொட்டகையில் பட்டறை வைத்திருந்த சீனர். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவர், என்னைவிட நன்றாகத் தமிழில் திட்டுவார். சனிக்கிழமை தவறாமல் நானும் அண்ணனோடு போய்விடுவேன். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கப் போனவள்தான், ஆறு மாதத்தில் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டுகிற அளவுக்குத் தேறிவிட்டேன். நகக்கண்ணில் கிரீஸோடு ஆபீசுக்குப் போய் டைப் அடித்தால் மேலதிகாரி என் கையையும் கடிதத்தையும் மாறி மாறிப் பார்ப்பார்.

வேகம் வேண்டுமென்றால் எடையைக் குறைக்க வேண்டும். இது ஆ ஹோங்கின் வேதவாக்கு. பின் சீட் போனது. கம்பளம் போனது. கதவுக்கு உள்பக்கத்து அட்டை போனது. சத்தத்தை அடக்கத் தரையில் ஒட்டியிருந்த தாரை நானும் அண்ணனும் மூன்று வாரம் குந்தியிருந்து சுரண்டினோம். ஆணியைக்கூடக் கையில் வைத்து எடை பார்த்தான் அண்ணன். எல்லாம் முடிந்தது. ஆ ஹோங் காரை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார், பிறகு அண்ணனை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். அண்ணன் அப்போதே நூறு கிலோவைத் தாண்டியவன்.

"குணா, இன்னும் ஒரு சாமான் மட்டும் எறக்கணும் லா" என்றார். "அது நீதான்."

சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. பிறகுதான் புரிந்தது, அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஓட்டப்போவது நான்! நாற்பத்தெட்டு கிலோ. அண்ணன் இரண்டு நாள் ரொட்டிச்சானாய்கூட வேண்டாம் என்றான். மூன்றாம் நாள் காலையில் என் முன்னால் வந்து சாவியைப் போட்டான். "நீயே ஓட்டு. ஆனா கியர வலிக்காம போடு, அதுக்கும் உசுரு இருக்கு" என்றான். தான் கட்டிய காரைத் தங்கையிடம் கொடுக்க எத்தனை பெரிய மனசு வேண்டும்! அன்றைக்கு எனக்கு அது உறைக்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு குதித்தேன்.

குவார்ட்டர்ஸில் வேறு பிரச்சினை முளைத்தது. அங்கே பாதிப் பேர் ராத்திரி டூட்டி முடித்துவிட்டு பகலில் தூங்குகிறவர்கள். அந்தக் காரைக் கிளப்பினால் மூன்று வரிசை வீட்டுக்கும் அலாரம் அடித்த மாதிரி. வரிசையாக அப்பாவிடம் வந்து முறையிட்டார்கள். ஒருநாள் அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"தூங்குறவனுக்கெல்லாம் நான்தான் பதில் சொல்றேன். அந்தக் காடியால என்னா பிரயோசனம்?"

"வேகமா போவும்பா."

"வேகம்னா எவ்ளோ? நேரம் சொல்லு."

அண்ணன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "பத்து தீகா ரேஸ் தடத்துல ஒரு ரவுண்டு, ரெண்டு நிமிஷத்துக்குள்ள" என்று சொல்லிவிட்டான்.

"சரி. வர்ற ஞாயித்துக்கெழம நானே வந்து பாக்குறேன். ரெண்டு நிமிஷத்துக்குள்ள வந்தா காடி இருக்கும். இல்லன்னா திங்கக்கெழம பழைய இரும்புக்காரன் வருவான். பேச்சு முடிஞ்சிச்சி."

அப்பா நேரம் பார்ப்பதைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். சிக்னல் கேபினில் ரயில் கடந்த நேரத்தை நோட்டில் எழுதுவது அவர் வேலை. அரை நிமிஷத்தைக்கூட மாற்றி எழுதியதில்லை. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வருஷா வருஷம் அவர்தான் ஸ்டாப்வாட்ச் பிடிப்பார். நான் மூன்றாம் வகுப்பில் ஓடினேன். கோட்டில் யார் மூன்றாவது என்று சண்டை வந்தது. வாத்தியார்கூட எனக்குக் கொடுத்துவிடலாம் என்றார். அப்பா வாட்ச்சைக் காட்டி, "எம்பொண்ணு நாலாவது" என்றார். நான் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடவில்லை. அவர் கவலைப்படவும் இல்லை. அப்படிப்பட்ட மனுஷனிடம் போய்த்தான் அண்ணன் இரண்டு நிமிஷம் என்று வாயை விட்டிருந்தான்.

சனிக்கிழமை காரைக் கோயிலுக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றார். பூசை போடாத வண்டியில் மகள் ஏறக்கூடாதாம். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தியிருந்ததால் கோயில் வாசல் மேட்டில் வயிறு இடித்து நின்றுவிட்டது. பூசாரியும் நாலு பக்தர்களும் சேர்ந்து தூக்கிவிட்டார்கள். நாலு டயருக்கு அடியில் நாலு எலுமிச்சம்பழம் நசுங்கியது. அதோடு விட்டாரா அம்மா? பானெட்டிலும் இரண்டு கதவிலும் கை நிறைய சந்தனத்தை அள்ளி அப்பி, விபூதியால் பட்டை போட்டு, குங்குமம் வைத்தார். சின்னப் பொட்டு எல்லாம் இல்லை, சாப்பாட்டுத் தட்டு அகலம்.

மறுநாள் பத்து தீகா. பதிவு செய்தால் யாரும் ஓட்டலாம் என்று திறந்துவிடுகிற நாள் அது. ஒரு தடவைக்கு நாலு சுற்று. பெயரைக் கொடுத்ததும் எங்கள் எண்ணை அச்சடித்த பெரிய காகிதம் மூன்று தந்தார்கள். பானெட்டில் ஒன்று, கதவுக்கு ஒன்று. தடத்தோரக் கண்காணிப்புக் கோபுரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எண்ணைப் பார்த்துத்தான் நேரம் எழுதுவார்கள். அண்ணன் துணியை எடுத்துச் சந்தனத்தைத் துடைக்கப் போனான்.

"சாமி சந்தனத்துல கைய வச்ச, அவ்ளோதான்!" என்று அம்மா சத்தம் போட்டார். பக்கத்துக் காரிலிருந்த மலாய்க்காரப் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் துணியை எறிந்துவிட்டு, காய்ந்த சந்தனத்தின் மேலேயே எண்ணை ஒட்டினான். ஒட்டுவதற்கு அதைவிட மோசமான இடம் கிடையாது என்பது பெயிண்ட் வேலை தெரிந்த எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தே சும்மா இருந்தோம். அம்மாவை எதிர்த்துப் பேச யாரால் முடியும்?

அம்மா புல்மேட்டில் பாயை விரித்து, புளிச்சோறும் நெத்திலி சம்பாலும் எடுத்து வைத்தார். கொஞ்ச நேரம் கார்கள் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "இவனுங்க எல்லாம் எங்கதான் போறானுங்க? திரும்ப இங்கயேதான வர்றானுங்க" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. அப்பா மட்டும் பாயில் உட்காரவில்லை. கழுத்தில் கயிறு போட்டு ஸ்டாப்வாட்ச்சைத் தொங்கவிட்டபடி வேலியோரம் போய் நின்றுகொண்டார்.

என் முறை வந்தது. ஹெல்மெட் அண்ணனுடையது, உள்ளே துண்டு சுற்றிப் போட்டேன். ஆ ஹோங் ஜன்னல் வழியாகக் குனிந்து, "தங்கச்சி, மொத ரவுண்டு பயப்படு, பரவால்ல. ரெண்டாவது ரவுண்டு பயந்தா நான் ஒன்ன பட்டறையில சேக்க மாட்டேன்" என்றார்.

முதல் சுற்று சொன்னபடி பயந்தேன். வளைவில் கார் வெளிப்பக்கம் இழுத்தபோது, மாரியாத்தா என்று கத்தியது ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றி என் காதுக்கே வந்தது. இரண்டாம் சுற்றில் என்னவோ ஆனது. நான் ஸ்டியரிங்கைத் திருப்பவில்லை, திரும்ப வேண்டும் என்று நினைத்தேன், கார் திரும்பியது. நானும் அண்ணனும் சுரண்டிய ஒவ்வொரு துண்டுத் தாரும் இல்லாததை என் இடுப்பு உணர்ந்தது. நேர்சாலையில் மிதித்தபோது அந்த இரட்டைக் கார்புரேட்டர் மூச்சை இழுத்த சத்தம் இருக்கிறதே, அடடா! சிரித்தேன். தனியாக, வாய் விட்டு, பைத்தியம் மாதிரி. நாலாவது சுற்றில் பிரேக்கை எப்போதும் மிதிக்கிற இடம் தாண்டி மிதித்தேன். அதற்கு முன்னும் பின்னும் என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக இருந்த இரண்டு நிமிஷம் இல்லை. என் கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வீட்டுக்காரரிடம் சொல்லிவிடாதீர்கள்.

இறங்கி வந்தால் அண்ணன் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தான். காரைத் திரும்பிப் பார்த்தேன். பானெட்டில் சந்தனம் இருந்தது, விபூதி இருந்தது, எண் இல்லை. கதவுகளிலும் இல்லை. மூன்றும் முதல் சுற்றிலேயே பறந்துவிட்டனவாம். எண் இல்லாத காருக்கு நேரம் எழுதவில்லை என்று கோபுரத்தில் சொல்லிவிட்டார்கள். மறுபடி ஓட்டலாம் என்றால் மேகம் கட்டிக்கொண்டு சோவென்று கொட்டத் தொடங்கியது. அத்தோடு தடத்தை மூடிவிட்டார்கள்.

அப்பா மழையில் நனைந்துகொண்டே வேலியோரத்திலிருந்து நடந்து வந்தார். எல்லாரும் அவரையே பார்த்தோம். நேரம் அவரிடம் மட்டும்தான். அவர் வாட்ச்சை உள்ளங்கையில் வைத்து குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார்.

"ஒன்னு அம்பத்தெட்டு" என்றார். வாட்ச்சைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

அண்ணன் என்னைத் தூக்கிய தூக்கில் என் செருப்பு ஒன்று எங்கோ போனது. ஆ ஹோங் மழையில் ஆடினார். அம்மா, "சந்தனத்த தொடச்சிருந்தா இந்த நேரம் வந்திருக்குமா?" என்று கேட்டார். திங்கட்கிழமை இரும்புக்காரன் வரவில்லை. அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய்த்தான் கிளப்ப வேண்டும். நாலு வருஷம் தள்ளினோம். சில நாள் அப்பாவும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தள்ளினார். அண்ணனுக்கு இரட்டைப் பிள்ளை பிறந்ததும் கார் போனது. பின் சீட் இல்லாத காரில் பிள்ளைகளை எங்கே வைப்பது?

ஓய்வு பெற்று அப்பாவும் அம்மாவும் ரவாங்கில் வீடு வாங்கிப் போன பிறகு, ஒருநாள் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது அந்த ஸ்டாப்வாட்ச் என் கையில் கிடைத்தது. "ஒன்னு அம்பத்தெட்டு!" என்று அப்பாவிடம் காட்டினேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கி நான் அத அமுக்கவே இல்ல, கண்ணு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னாப்பா சொல்றீங்க?"

"நீ அந்த வளைவுல வந்தியா, நான் ரெண்டு கையையும் தட்டிக்கிட்டு நின்னேன். வாட்ச்சு நெனப்பே இல்ல. அப்புறம் பாத்தா முள்ளு பூஜ்யத்துலயே நிக்கிது." பேப்பரைத் திருப்பினார். "குணாகிட்ட சொல்லிடாத."

சொல்லவில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகும் சொல்லவில்லை.

வடைப் பொட்டலத்தோடு அன்றைக்கு அண்ணன் வீட்டுக்குத்தான் போனேன். பெட்ரோல் வாசத்தைப் பற்றிச் சொன்னதும் சாவியை எடுத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டான். பத்து தீகாவில் இப்போது தடம் இல்லை. கோபுரம் இல்லை, புல்மேடு இல்லை, எல்லாம் வீடு. என் நேர்சாலையில் யாரோ துணி காயப் போட்டிருக்கிறார்கள். குடியிருப்பு வாசலில் காவலுக்கு நின்ற தமிழ்ப் பையன், "யாரு வீட்டுக்கு அங்கிள்?" என்று கேட்டான்.

"யாரு வீட்டுக்கும் இல்ல, பாஸ். இங்க முன்ன ரேஸ் காடி ஓடும். எந்தங்கச்சி ஓட்டுச்சி. ஒரு ரவுண்டு ஒன்னு அம்பத்தெட்டு!" அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்.

அந்தப் பையன் என் நரைத்த தலையையும் மூட்டுவலிப் பட்டையையும் பார்த்தான். "நெசமாவா ஆன்டி?"

"நெசந்தான், தம்பி" என்றேன். "எங்கப்பாதான் நேரம் பாத்தாரு."