இரண்டாம் வயலின் உக்கிரபாண்டி

சோழபுரம் பஸ் ஸ்டாப் டீக்கடையில் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் இருந்தன. ஒன்றின் வயரை எலி கடித்துவிட்டது. மிச்சம் இருந்த ஒரு பெட்டியில் பாட்டின் பாதிதான் வந்தது. பாடுகிறவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். ஆனால் பின்னால் வாசிக்கிற வயலின்கள், அதிலும் யாரும் கவனிக்காத கீழ்வரிசை வயலின்கள், பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பது போலத் தெளிவாகக் கேட்கும். பதினாறு வயது உக்கிரபாண்டி அதைத்தான் பாட்டு என்று நினைத்திருந்தார்.

பிறகு ராஜபாளையத்தில் ஒரு கல்யாண வீட்டில் அதே பாட்டை இரண்டு பெட்டியிலும் முழுசாகக் கேட்டபோது அவருக்குக் கோபமே வந்தது. "என்னடா இது, பாடுற ஆளு எல்லாத்தையும் மறைச்சுக்கிட்டு நிக்காரு?" என்றார். பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர் சொன்னதில் விஷயம் இருந்தது. அந்தக் காலத்துப் பாட்டுகளில் மேலே ஒரு வயலின் மெட்டைப் பிடித்துக்கொண்டு ஏறும். கீழே இன்னொன்று, அதே நேரத்தில், வேறு சுரங்களில் இறங்கும். இரண்டும் விலக விலக நெஞ்சுக்குள் இடம் அகலுகிற மாதிரி இருக்கும். கடைசியில் இரண்டும் ஓரிடத்தில் வந்து சேரும்போது, சாமி கும்பிட்டுத் திரும்புகிற நிம்மதி வரும். கேட்கிறவருக்கு மேலே போனது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். கீழே போனதை உக்கிரபாண்டி மட்டும் ஞாபகம் வைத்திருந்தார்.

பதினெட்டு வயதில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். நூல் நூற்கிற மெஷின்கள் வரிசையாக ஓடும் பெரிய ஷெட். பேச்சே கேட்காது, கை ஜாடைதான். "காதுல பஞ்சை வச்சுக்கோலே, செவிடாப் போயிருவ" என்று மேஸ்திரி சத்தம் போடுவார். மில்லில் பஞ்சுக்கா குறைச்சல்? ஆனால் இவர் வைக்க மாட்டார். அத்தனை மெஷினும் சேர்ந்து ஓடும்போது ஒரே சுருதி நிற்கும். அந்தச் சுருதியைப் பிடித்துக்கொண்டு, அறுந்த நூலை முடிச்சுப் போட்டபடியே, இவர் வாய்க்குள் இரண்டாம் வரிசையைப் பாடிக்கொண்டிருப்பார். காதை அடைத்தால் சுருதி போய்விடுமே! இப்படியே முப்பத்திரண்டு வருஷம்.

வார லீவு நாட்களில் வயலின் கற்றுக்கொண்டார். ஊரில் வைகுண்டராஜ் என்பவர் மெல்லிசைக் குழு வைத்திருந்தார். அவரே முதல் வயலின். இரண்டாம் வயலினுக்கு ஆள் நிற்காது. வருகிறவர்கள் எல்லாம் நாலே கச்சேரியில், எங்களுக்கு மெட்டு கொடுங்கள் என்று கேட்பார்கள். உக்கிரபாண்டி கேட்டது வேறு. "அண்ணே, எனக்குக் கீழ்வரிசைதான் வேணும்."

வைகுண்டராஜ் அவரை மேலும் கீழும் பார்த்தார். "அதை ஒருத்தனும் கேக்க மாட்டானேப்பா."

"கேக்கக் கூடாதுண்ணே. ரெண்டாவது வயலின் தனியாக் கேட்டுச்சுன்னா வாசிச்சவன் தப்புன்னு அர்த்தம். எடுத்துட்டாத்தான் தெரியணும்."

அந்தப் பேச்சு குழுவில் நிலைத்துவிட்டது. கச்சேரி முடிந்து யாராவது "வயலின் பிரமாதம்" என்று வைகுண்டராஜின் கையைக் குலுக்கினால், அவர் கண்ணைச் சிமிட்டி உக்கிரபாண்டியைப் பார்ப்பார். தன்னை யாரும் விசாரிக்கவில்லை என்பதில் இவருக்கு நிறைந்த சந்தோஷம். யாருக்கும் தெரியவில்லை என்றால் வேலை சுத்தம். ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் வில்லைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் இருக்கிற திசையைப் பார்த்து, "தாயே ஆண்டாளே, நீ கேட்டாப் போதும்" என்று சொல்லிக்கொள்வார்.

மில்லை விட்டு வந்த பிறகுதான் வீட்டில் விஷயம் தெரிந்தது.

"ஏங்க, குக்கரு ஏழு விசில் அடிச்சுருச்சு. பக்கத்துலயே உக்காந்திருக்கீய, அடுப்பை அணைக்கப்பிடாதா?" என்றாள் மனைவி குருவம்மாள்.

"எங்க அடிச்சுச்சு?"

"சரியாப் போச்சு. பருப்புச் சோறு இன்னைக்குக் களி. கேக்காத மனுசன் களியைத் தின்னுங்க."

அவள்தான் சித்திரை மாதத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவசக் காது முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனாள். காதில் எதையோ மாட்டி, சத்தம் வரும்போது கையைத் தூக்குங்கள் என்றது சோதனை செய்த பெண் பிள்ளை. அந்தப் பிள்ளை முகம் வாடிவிடக் கூடாதே என்று இவர் சத்தம் வராதபோதும் கையைத் தூக்கினார். அது சிரித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சோதித்தது. மேல்சுருதிச் சத்தமெல்லாம் போய்விட்டது, போனது திரும்பாது என்றது. இரண்டு காதுக்கும் மிஷின் கொடுத்தது. "ஐயா, இது பேச்சுக் கேக்கத்தான். பாட்டு சரியா வராது" என்றும் சொன்னது.

அந்தக் கடைசி வார்த்தையை உக்கிரபாண்டி வீட்டில் சொல்லவில்லை. அவர் மனதில் ஒரே ஒரு ஆசை உட்கார்ந்துவிட்டது. கடைசியாகத் தன் வரிசை வைகுண்டராஜின் வயலினோடு போய்ச் சேர்ந்ததை அவர் காதால் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மேடைச் சத்தத்தில் தன் வயலின் தனக்கே கேட்காது. விரலின் பழக்கத்தில்தான் வாசித்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இரண்டும் சேருவதைக் கேட்டுவிட வேண்டும்.

ஆடிப்பூரத்தை ஒட்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் கச்சேரி. மேடையிலிருந்து பார்த்தால் கோபுரம் நேராகத் தெரியும். குருவம்மாளும் வந்திருந்தாள், கூட்டத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து காதைத் தொட்டு, மாட்டியாச்சா என்று ஜாடை கேட்டாள். இவர் தலையாட்டினார். வில்லைக் கண்ணில் ஒற்றினார். வழக்கமான வார்த்தையைச் சொன்னார்.

முதல் பாட்டிலேயே தலை கிறுகிறுத்தது. கைதட்டு தகரத்தில் கல் விழுகிற மாதிரி விழுந்தது. ஜால்ரா பல்லில் ஏறியது. பொறுத்துக்கொண்டார். நாலாவதாக அந்தப் பழைய ஜோடிப் பாட்டு வந்தது. டீக்கடைப் பெட்டியில் அவர் முதன்முதலில் கேட்டது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வயலின்கள் மட்டும் வாசிக்கிற இடம். வைகுண்டராஜ் ஏறினார். இவர் இறங்கினார்.

மேடையில் இவர்களைப் பார்த்து வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டியில் வைகுண்டராஜின் வயலின் வந்தது. கீபோர்டு வந்தது. புல்லாங்குழல்கூட வந்தது. இறங்குகிற வரிசை வரவில்லை. பாட்டு ஒரு பக்கச் சுவர் இல்லாத வீடு மாதிரி நின்றது.

அதற்குள் இடது காதுக்குப் பக்கத்தில் வேறொன்று கேட்டது. வளைந்து, தாழ்ந்து, சேர வேண்டிய இடத்துக்கு வராமல் கொஞ்சம் கீழேயே தடுமாறுகிற ஒரு வயலின். யார் இப்படி வாசிக்கிறார்கள் என்று அவர் திரும்பிப் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. வில்லை நிறுத்தினார், அது நின்றது. மறுபடி இழுத்தார், மறுபடி வந்தது. மிஷினைக் கழற்றிப் பார்த்தார். எல்லாம் பழையபடி இதமாக, பஞ்சு மூட்டைக்குள் இருப்பது போல ஆனது.

விழாக் கமிட்டியார் ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்த நேரத்தில், மிஷினை மறுபடி மாட்டிக்கொண்டு இறங்கி சவுண்ட் மிக்சர் மேஜைக்குப் போனார். சவுண்ட் பார்க்கிற ஜெபா அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தான். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். இருபது வருஷமாக இந்தக் குழுவுக்கு அவன்தான் சவுண்ட்.

"ஏலே ஜெபா, பெட்டியில என் வயலின் வரலையே. வயரு எதுவும் விட்டுப் போச்சா?"

ஜெபா டீயைக் கீழே வைத்தான். "அண்ணாச்சி... உங்களுக்குக் கேக்குதா?"

அந்தக் கேள்வியிலேயே பாதி விளங்கிவிட்டது. மிக்சரைக் குனிந்து பார்த்தார். ஒவ்வொரு மைக்குக்கும் சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஒரு கட்டை, கீழே பெயர் எழுதிய காகித டேப். எல்லாக் கட்டையும் நடுவில் நின்றன. இவர் பெயர் எழுதிய ஏழாவது மட்டும் அடியில் கிடந்தது. கை தவறியும் யாரும் ஏற்றிவிடக் கூடாது என்று அதன் மேல் குறுக்கே டேப் ஒட்டியிருந்தது. டேப்பின் ஓரம் அழுக்கேறிக் கறுத்திருந்தது.

"எம்புட்டு நாளா?"

"மூணு வருசம் இருக்கும் அண்ணாச்சி. சுருதி விலகுது, இறக்கி வச்சிருன்னு வைகுண்டண்ணன்தான் சொன்னாவ. ஆளு மனசு நோகக் கூடாது, சேரும் மைக்கும் அப்படியே இருக்கட்டும்னு. நீங்களும் ஒவ்வொரு தடவையும் இறங்கி வந்து, எவனும் என்னையக் கவனிக்கலைலேன்னு அம்புட்டு சந்தோசமாச் சொல்லுவீய. பொறவு நான் எந்த வாயால சொல்ல?"

உக்கிரபாண்டி அந்த டேப்பை விரலால் தடவினார். மூன்று ஆடிப்பூரம். மூன்று பங்குனித் திருவிழா. கணக்கில்லாத கல்யாண வீடுகள். எடுத்துவிட்டால் தெரிய வேண்டும் என்று சொன்னவர் அவர்தான். எடுத்தும் தெரியவில்லை. ஊருக்குத் தெரியவில்லை, அவருக்கே தெரியவில்லை.

ஜெபாவுக்குப் பொறுக்கவில்லை. டேப்பின் முனையை நகத்தால் நிமிண்டினான். "அண்ணாச்சி, அடுத்த பாட்டுக்கு லேசா ஏத்தி விடட்டா? யாரு என்ன சொன்னாலும் நான் பாத்துக்கிடுதேன்."

"வேண்டாம்லே." அவர் ஜெபாவின் கையைப் பிடித்து எடுத்துவிட்டார். "இன்னைக்கு நானும் கேட்டுட்டேன்."

நிமிண்டிய முனையை அவரே கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிவிட்டு மேடை ஏறினார்.

சேரில் உட்கார்ந்து வயலினைத் தோளில் வைத்தார். கோபுர விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. வில்லைக் கண்ணில் ஒற்றப் போனவர் பாதியில் நின்றார். மனிதருக்குக் கேட்காவிட்டால் என்ன, தாயே, நீ கேட்டாய் என்று நினைக்கத்தான் மனது ஓடியது. ஓடிய இடத்திலேயே திடுக்கிட்டது. அவளுக்கு ஏது மிக்சர்? அவள் காதுக்கு யார் டேப் ஒட்டுவது? மூன்று வருஷமாக அந்தத் தடுமாறுகிற வயலினை அவள் ஒருத்திதான் விடாமல் கேட்டிருக்கிறாள்.

"மன்னிச்சுக்கோ தாயி" என்றார். வாய்க்குள்தான்.

அடுத்த பாட்டு தொடங்கியது. வயலின்கள் வாசிக்கிற இடம் வந்தது. வைகுண்டராஜ் ஏறினார். உக்கிரபாண்டியின் வில்லும் சரியான நேரத்தில் புறப்பட்டது. தந்தியைத் தொடாமல், ஒரு நூல் உயரத்தில், காற்றில் இறங்கியது. விரல்கள் ஒவ்வொரு சுரமாகப் போய் அமர்ந்தன. இடது காதில் அந்தத் தடுமாறுகிற வயலின் கேட்கவில்லை. கூட்டத்தில் குருவம்மாள் மட்டும், கேக்குதா என்று காதைத் தொட்டுக் கேட்டாள். இவர் கேட்கிறது என்று தலையாட்டினார்.

இரண்டு வயலினும் சேருகிற இடம் வந்தது. வைகுண்டராஜ் எப்போதும் போலத் திரும்பி இவரைப் பார்த்து, பிரமாதம் என்று புருவத்தை உயர்த்தினார்.