லேபிள் அக்காவின் பாட்டில்கள்

அந்தச் சலவைக் கம்பெனியில் அவளுடைய சொந்தப் பேர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி மேனேஜர் முதல் வாசல் காவலர் வரை எல்லாருக்கும் அவள் லேபிள் அக்கா. ஸ்டோர் ரூம் அவள் ராஜ்ஜியம். அங்கே பேர் ஒட்டாத பொருள் என்று எதுவும் கிடையாது. "ஈரமானால் வழுக்கும் படி", "இழுத்தால்தான் திறக்கும் கதவு", "சத்தம் மட்டும் போடும், காற்று வராத ஃபேன்". சும்மா சொல்லக்கூடாது, அந்த ஃபேனுக்கு அதைவிடப் பொருத்தமான பேரை யாராலும் வைத்திருக்க முடியாது.

விளையாட்டாக ஆரம்பித்த பழக்கமல்ல இது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் "மலர்த்துளி" என்று போட்டிருந்த கேனை நம்பி, துணி மடிக்கிற பெண் ஒருத்தி அதற்குள் கையை விட்டாள். உள்ளே இருந்தது துருக்கறை எடுக்கிற அமிலம். அவள் போட்ட அலறல் லேபிள் அக்காவின் காதைவிட்டு இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து, பெரிய கேனிலிருந்து சின்ன பாட்டிலுக்கு எதை ஊற்றினாலும் அவள் கைப்பட எழுதுவாள். "துருக்கறைக்கு. தோலில் பட்டால் பொத்துவிடும். குடித்தால் பிழைக்க மாட்டாய்." நனையாமலிருக்க மேலே டேப் ஒட்டுவாள். பாட்டில்கள் மட்டும் கேன்டீனில் குடித்துப்போட்ட காலித் தண்ணீர் பாட்டில்கள்தான். கேட்டால், "பேரு ஒழுங்கா இருந்தா பாட்டில் எதுவா இருந்தா என்ன?" என்பாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அன்றைக்கு ஒரு பெரிய ஹோட்டல்காரர்கள் கம்பெனியைச் சுற்றிப் பார்க்க வருவதாக இருந்தது. காலையிலேயே மேனேஜர் ஸ்டோருக்குள் வந்து மூக்கைச் சுளித்தார்.

"என்னக்கா இது, எங்க பாத்தாலும் பொத்திடும், கண்ணு போயிடும், உசிரு போயிடும்னு? வர்றவங்களுக்கு வயித்தக் கலக்காதா? எல்லாத்தையும் எடுங்க. 'பனித்துளி'ன்னு அழகா அச்சடிச்ச ஸ்டிக்கர் கொண்டு வந்திருக்கேன், அத ஒட்டுங்க."

"பனித்துளின்னா என்னன்னு யாருக்கு சார் தெரியும்?"

"ஒரு நாளைக்குத்தானேக்கா!"

ஈரத்துணியை வைத்துத் தேய்த்துத் தேய்த்துத் தன் எழுத்தைத் தானே உரித்தாள். துருக்கறை பாட்டில் மொத்தம் பதினொன்று. பளபளவென்று "பனித்துளி" ஆகிவிட்டன. வந்தவர்கள் பார்த்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். மத்தியானம் பழையபடி எழுதி ஒட்டலாம் என்று பாட்டில்களை எண்ணினாள். பத்துதான் இருந்தது. அலமாரிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தொட்டிக்குப் பின்னால் தேடினாள். மறுபடி எண்ணினாள், அப்போதும் பத்துதான்.

"யாராவது ஸ்டோருக்கு வந்தீங்களா?" என்று இஸ்திரி போடுகிற பெண்ணிடம் கேட்டாள்.

"உங்க தம்பிதான்க்கா வந்தாரு. வண்டியில தண்ணி தீந்துபோச்சுன்னு ஒரு பாட்டில் எடுத்துட்டுப் போனாரு."

அவள் வாசலுக்கு ஓடிப் பார்த்தாள்; வேன் இல்லை. தம்பி அங்கேதான் வேன் ஓட்டுகிறான். ஆஸ்பத்திரிக்குத் துவைத்த படுக்கை விரிப்புகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி அரை மணி நேரம் ஆகியிருந்தது. வெயிலில் ஓட்டுகிறவன். ஒரே மூச்சில் முக்கால் பாட்டிலைக் கவிழ்க்கிற பழக்கம் வேறு.

போன் போட்டாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். வண்டி ஓட்டும்போது போனைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அவனை மிரட்டி வைத்திருப்பவளே அவள்தான். ஐந்தாவது முறை போடும்போது எண் தப்பிப்போனது. ஆஸ்பத்திரித் துணி அறைக்குப் பேசினாள். அங்கிருந்த பெண் நிதானமாகச் சொன்னாள்: "வண்டி வந்து நிக்குதும்மா. டிரைவரைத்தான் காணோம்."

"தேடும்மா! ஓடிப்போய்த் தேடு! அவன் கையில பாட்டில் இருந்தா புடுங்கிடு!"

போன் மேசைமேல் வைக்கப்படும் சத்தம் கேட்டது. யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். எந்தக் கடவுளைக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியாமல், "குடிச்சிருக்காதே, குடிச்சிருக்காதே" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

"என்னக்கா, அந்தப் பொண்ணு இப்படி இழுத்துட்டு வருது?" தம்பியின் குரல்.

"பாட்டில் எங்கடா?"

"கையிலதான் இருக்கு. இறக்கி வச்சுட்டுக் குடிக்கலாம்னு இப்பதான் மூடியத் திறந்தேன்."

"கீழ வை! அது துருக்கறை அமிலம்டா!"

மறுமுனையில் பாட்டிலைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

"நீ ஒண்ணுமே எழுதலையேக்கா," என்றான் மெதுவாக. "ஆபத்துன்னா நீ எழுதியிருப்பியே. எழுதலைன்னா தண்ணின்னுதானே எடுத்தேன்."

பதினைந்து வருஷமாக ஆபத்துக்கெல்லாம் பேர் வைத்து, அவள் எச்சரிக்கை எழுதாதது நல்லது என்று எல்லாருக்கும் அவளேதான் பழக்கியிருக்கிறாள். அதுவும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி. மேனேஜரைத் திட்ட வாயெடுத்தவள், திட்டாமல் போய், பத்து பாட்டில் அமிலத்தையும் பெரிய கேனிலேயே திரும்ப ஊற்றினாள்.

சாயங்காலம் தம்பி வந்தான். முகம் வெளுத்திருந்தது. அதற்குள் காலித் தண்ணீர் பாட்டில்கள் அத்தனையும் குப்பைக்குப் போயிருந்தன. அவள் குழாயைத் திறந்து, அவன் கண்ணெதிரிலேயே ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து நீட்டினாள்.

அவன் வாங்கிக்கொண்டான். குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"நீ பாக்கத்தானேடா பிடிச்சேன்."

"தெரியும்க்கா," என்றான். ஆனாலும் டம்ளர் வாய்க்குப் போகவில்லை.

அவள் அதைத் திரும்ப வாங்கி, ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவன் கையில் கொடுத்தாள்.