நகம் பார்த்துச் சொன்ன ஒரு வார்த்தை

திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சைக்கிள் கடையை ஒட்டிய சந்தில் அமிர்தலிங்கம் கைரேகை பார்த்துவந்தார். மற்ற ஜோசியர்கள் உள்ளங்கையை விரிக்கச் சொல்வார்கள். இவர் கையைக் கவிழ்க்கச் சொல்வார். ரேகை பிறப்போடு வந்தது, நகம்தான் நேற்றுவரை நடந்ததைச் சொல்லும் என்பது அவர் கட்சி. நகத்தின் குறுக்கே பள்ளம் விழுந்திருந்தால், நகம் வளர்ந்து அது எவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டு, “பங்குனியில காய்ச்சலா கெடந்தீங்களா?” என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். அடியில் வெள்ளைப் பிறை தெளிவாகத் தெரிந்தால் ஆயுள் கெட்டி. நீண்ட நகம் இளகிய மனசு. அகலமாகவும் குட்டையாகவும் இருந்தால் முன்கோபம்.

ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்று சொன்னவர்கள் ஆட்சிக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வயலில் அரைப் படி நெல் கூடுதல் கூலிக்காக நடந்த அடிதடி மட்டும் ஓயவில்லை. அந்தக் குறுவை அறுவடையின்போது, சுற்றுவட்டாரத்து ஊர் ஒன்றில் பண்ணையை மேற்பார்த்த காரியக்காரர் களத்தில் வெட்டுப்பட்டுச் செத்தார். போலீஸ் விவசாயக் கூலிகளின் தெருவுக்குள் புகுந்து பதினோரு ஆண்களைப் பிடித்து வந்தது.

மறுநாள் காலை அமிர்தலிங்கத்தை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போனார்கள். பதினோரு பேரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

“நகத்தைப் பாத்தே கொணத்தைச் சொல்லிடுவியாமே. இதுல ஆத்திரக்காரன் எவன்னு சொல்லு” என்றார் இன்ஸ்பெக்டர்.

“சார், அது ஏதோ பொழைப்புக்குச் சொல்றதுங்க.”

“அப்ப இத்தனை வருஷமா ஊரை ஏமாத்துனியா? அதுக்கு ஒரு கேஸ் போடவா?”

அமிர்தலிங்கம் குனிந்து ஒவ்வொரு கையாகப் பார்த்தார். சேறும் அரிவாள் கீறலுமாக, தேய்ந்து தேய்ந்து எல்லா நகங்களும் குட்டையாகத்தான் இருந்தன. ஏழாவது ஆள் வீரையன். அவன் கட்டைவிரல் நகம் மற்றவர்களுடையதைவிட அகலம்.

“இவருக்குக் கொஞ்சம் கோபம் வரும்” என்றார். ‘கொஞ்சம்’ என்று சொன்னதால் தப்பில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டார். வாசலைத் தாண்டுவதற்குள் உள்ளே அடி விழும் சத்தம் கேட்டது.

பத்துப் பேரை மூன்றாம் நாள் விட்டார்கள். வீரையன் மேல் கொலை வழக்கு.

ஒரு மாதம் கழித்து வீரையனின் மனைவி காத்தாயி எட்டு மைல் நடந்து சந்துக்கு வந்தாள். யார் என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். “எம் புருசன் எப்ப வருவாருன்னு பாருங்க ஐயா.”

நகங்கள் வெளுத்து, நடுவில் கரண்டி போலக் குழிந்திருந்தன. அதற்கு அர்த்தம் அவருக்கு நன்றாகத் தெரியும்.

“ஒடம்புல ரத்தமே இல்லம்மா. ஆஸ்பத்திரிக்குப் போ.”

“அதைக் கேக்க வரலைங்க. அவரு வருவாரா?”

அமிர்தலிங்கத்தால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. “ஸ்டேஷன்ல அவரைக் கோவக்காரருன்னு சொன்னது நான்தாம்மா” என்றார்.

காத்தாயி அவரையே பார்த்தாள். “அவருக்குக் கோவமே வராதுங்களே” என்றாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

மறுநாளே அவர் வீரையனின் வக்கீல் ஹபீப் முகம்மதுவைத் தேடிப் போனார். தான் சொன்னது பொய் என்று கோர்ட்டில் வந்து சொல்வதாகச் சொன்னார். வக்கீல் கேஸ் கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

“உங்க பேரே இதுல இல்லைங்க. ஒளிச்சு வச்ச அரிவாளை அவரே எடுத்துக் குடுத்ததா எழுதியிருக்காங்க. ரெண்டு சாட்சி வேற. இல்லாததை எப்படி நீங்க மாத்திச் சொல்லுவீங்க?”

வீரையனுக்கு ஆயுள் தண்டனை. திருச்சி ஜெயிலுக்கு இரண்டு முறை போய்ப் பார்த்துவந்த காத்தாயி, அடுத்த ஐப்பசியில் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்கவில்லை. அமிர்தலிங்கம் ஜோசிய போர்டைக் கழற்றிவிட்டு, ரைஸ்மில்லில் அவித்த நெல்லைக் காயப்போடும் வேலைக்குப் போனார்.

எட்டு வருடம் கழித்து, தண்டனைக் குறைப்பில் வீரையன் விடுதலையானான். கேள்விப்பட்டு அமிர்தலிங்கம் அவன் ஊருக்குப் போனார். வீரையன் வாய்க்காலில் இறங்கிக் கோரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

“நான்தாங்க அந்த ஜோசியன்.”

“தெரியும். காத்தாயி ஜெயிலுக்கு வந்தப்பவே சொன்னா.” அவன் நிமிரவில்லை. “இப்ப எதுக்கு வந்தீங்க?”

அமிர்தலிங்கம் கரையிலேயே நெடுநேரம் நின்றார். பிடுங்கிய கோரையைக் கரையில் வீசிவிட்டு வீரையன் சொன்னான்: “வெயில் ஏறுது. கெளம்புங்க.”

அதன் பிறகு அமிர்தலிங்கம் நான்கு வருடம் உயிரோடு இருந்தார். அந்த ஊர்ப் பக்கம் மறுபடி போகவில்லை.