மணிலாவில் பாடிய ஒப்பாரி

எனக்கு எழுபத்திரண்டு வயது. கூலிக்கு நாற்று நட்டே ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். யாரிடமும் கை நீட்டியதில்லை. பிலிப்பைன்ஸில் வேலைக்குப் போன கடைசி மகன் அங்கேயே கல்யாணம் செய்துகொண்டான். அப்பன் சாவுக்குக்கூட வரவில்லை. அவனை ஊருக்கு அழைத்துவரத்தான் போன வருடம் விமானம் ஏறினேன்.

மணிலாவில் ஒருநாள் ராத்திரி பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனான். ஆணும் பெண்ணுமாகக் குடித்துக்கொண்டு, ஆள் மாற்றி ஆள் மைக்கைப் பிடித்துப் பாடினார்கள். மருமகள் என் கையிலும் மைக்கைக் கொடுத்தாள்.

"இன்னாடா பாடறது? எனக்கு ஒப்பாரிதான் தெரியும்."

"அதையே பாடும்மா. இங்க யாருக்குப் புரியப்போவுது?"

அவன் அப்பனுக்குப் பாடியதையே பாடினேன். கடையே எழுந்து கைதட்டியது. அன்றைக்குத்தான் அதை முதல்முறையாகக் கேட்ட என் மகன் மட்டும் தலை குனிந்து அழுதான்.

"வூட்டுக்கு வந்துடுடா."

"இதாம்மா என் வூடு."

"என் சாவுக்காவது வருவியா?"

"லீவு கெடச்சா வரேம்மா" என்று சொல்லிவிட்டு, அடுத்த பாட்டுக்கு மைக்கை வாங்கிக்கொண்டான்.

போதும் கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒரு தபா படிச்சுக் காட்டு. உன் சித்தப்பன் அழுத எடத்துல மட்டும் கொஞ்சம் மெதுவா படி.